பனி நாட்டு யன்னற் பூக்கள்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் வாரத்திலே நாம் கனடாவின் ரொறன்ரோ நகரை அடைந்தோம். வீதியோரத்து மேப்பிள் மரங்கள் இலைகளை உதிர்த்து வெறுங்கொம்புகளாய் நின்றன. மாலை 5 மணிக்கே பொழுது பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய 11½ மணி நேரம் நிலைக்கும். ரொறன்ரோவிலோ அது 9 மணி நேரத்துடன் முடிந்துவிடும். இத்தேசத்தில் இனிச் சித்திரை வரை ஒரு பூவையேனும் காண்போமா என்ற ஏக்கத்துடனேயே ஸ்காபரோவிலுள்ள எமது பெரியம்மாவின் இல்லத்தினுட் புகுந்தோம்.

அங்கே தெற்கு நோக்கிய யன்னலோரத்தில் ஒரு சிறு நந்தவனமே காட்சியளித்தது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகளைப் போலச் சைக்கிளமன் மலர்கள் நின்றன. ஆபிரிக்க வயலெற்றுக்கள் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தன. நத்தார்க் கள்ளியின் தட்டைத் தண்டுகளின் நுனியிலே மொட்டுக்கள் அரும்பியிருந்தன.

ஊரிலே முற்றத்தில் மல்லிகையும் செவ்வரத்தையும் வளர்த்தவர் பெரியம்மா. கனடாவுக்கு வந்த புதிதிலே ஒரு மல்லிகைச் செடியை வாங்கி வரவேற்பறையில் வைத்தாராம். இரண்டாவது பனிக்காலத்தில் அது இலை சொரிந்து பட்டுப்போயிற்றாம். “பிறகுதான் தம்பி, இந்த வீட்டுக்குள்ளை நிண்டு பிடிக்கிற செடியளைத் தேடத் தொடங்கினன்” என்றார்.

ஆயினும் இச்செடிகளும் பிற தேசங்களிலிருந்து குடிபெயர்ந்தவையே. சைக்கிளமனுக்குத் தாயகம் மத்தியதரைக் கடலின் கீழைக்கரை நாடுகள். நத்தார்க் கள்ளி பிரேசில் தேசத்து மலைக்காடுகளிலே மரக்கிளைகளில் வாழ்வது. ஆபிரிக்க வயலெற்றை இன்றைய தன்சானியாவின் உசம்பாரா மலைகளிற் கண்டு, 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் சென் போல் என்னும் ஜேர்மானியர். நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து சிவக்கும் பொயின்செற்றியா மெக்சிக்கோவுக்கு உரியது. அந்நாட்டிலே ஐக்கிய அமெரிக்காவின் தூதராயிருந்த பொயின்செற் என்பவரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

அத்தகைய பொயின்செற்றியாச் சாடியொன்று எமக்கு ஒதுக்கப்பட்ட சிற்றறையின் யன்னலில் இருந்தது. அதன் இலைகள் யாவும் பச்சை. பெரியம்மா நாடோறும் மாலை 5 மணிக்கு அதன்மேல் ஒரு கடதாசிப் பெட்டியைக் கவிழ்ப்பார். காலை 8 மணிக்கே அதனை அகற்றுவார். அதன் காரணத்தை நாம் கேட்டறியவில்லை. வாயில்லாச் செடிக்கு மூச்சு முட்டுமே என்று இரங்கி, இராப் போசனத்தின் பின் பெட்டியை மெல்ல எடுத்துவைத்துவிட்டு, நள்ளிரவு வரை விளக்கொளியில் வாசித்துக்கொண்டிருந்தோம். உறங்கப் போகுமுன் பெட்டியை மீண்டும் கவிழ்த்துவிடுவோம். பத்து இரவுகள் இவ்வாறு கழிந்தன.

பதினோராம் இரவு, குடிப்பதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரியம்மா அறைவாயிலில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயோ தம்பி, என்ன வேலை செய்துபோட்டாய்! அதுக்கு இருட்டெல்லே வேணும்!”

அக்குரலிலே கோபத்தினும் கலக்கமே மிகுந்திருந்தது. காலஞ்சென்ற பெரியப்பா தமது இறுதி நத்தாருக்கு வாங்கிவந்த சாடி அது. ஆறு ஆண்டுகளாகப் பெரியம்மா அதனை நத்தார் தோறும் சிவக்க வைத்து வந்திருக்கிறார் என்பதை அன்றே அறிந்தோம். நாம் காட்டிய இரக்கமே அதற்குத் தீங்காயிற்று.

பொயின்செற்றியாவிலே சிவப்பவை இதழ்களல்ல. சிறு மலர்களைச் சூழ்ந்துள்ள பூவடியிலைகளே. அதனைப் பூக்கத் தூண்டுவது நெடிய இருள். பகலிரவின் நீளத்தை அறிந்தே பல செடிகள் பூக்கின்றன என்பதை 1920ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து அறிஞர்களான கார்னர், அலார்ட் என்னும் இருவர் வெளியிட்டனர். இருளின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் செடியின் கணக்குத் தவறிவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. கலன்சோவும் நத்தார்க் கள்ளியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மனிதரைச் சோர்வுறச் செய்யும் அந்த நீண்ட இரவு இச்செடிகளுக்குப் பூக்குங் காலத்தை உணர்த்துகிறது.

மார்கழியில் ஒரு நாள் பெரியம்மா எம்மை நகரின் நடுவேயுள்ள அலன் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். வெளியே முழங்காலளவு பனி. 1910ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கண்ணாடிக் குவிமாடத்தினுள்ளே வாழையும் தென்னையினத்து மரங்களும் செழித்து நின்றன. கண்ணாடியில் நீர் வழிந்தது. ஊர்மண்ணின் ஈரவாசம் மூக்கிலேற, இருவரும் நெடுநேரம் பேசாதிருந்தோம். வாழையிலையைத் தடவியபடி பெரியம்மா, “இதுக்கு இவ்வளவு வெக்கை வேணும். என்ரை செடியளுக்கு ஒரு யன்னல் போதும்” என்றார்.

குளிர் தேசங்களில் வாழும் உறவினருக்கு எழுதும் நேயர்கள் அவர் கைக்கொண்ட முறைகளையும் எழுதலாம். வெப்பமூட்டியின் அருகே சாடி வைத்தலாகாது. சூடான காற்று இலையை உலர்த்திவிடும். கூழாங்கற்களைத் தட்டிலே பரப்பி, அவை மூழ்காவண்ணம் நீர்விட்டு, மேலே சாடியை வைத்தால் ஈரப்பதன் கிட்டும். இரவிலே உறைந்த கண்ணாடியில் இலை முட்டாதிருத்தல் வேண்டும். சைக்கிளமனைக் குளிர்ந்த அறையில் வைத்து, அதன் கிழங்கின் நடுவிற் படாமல் ஓரமாக நீர் ஊற்றுதல் நன்று. ஆபிரிக்க வயலெற்றுக்குக் குளிர்நீர் ஆகாது; இலையிலே தழும்பு விழும். அமரில்லிஸ் குமிழை அதன் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே தெரிய நட்டால் ஆறு முதல் எட்டு வாரங்களளவிலே பெரும் பூக்கள் மலரும்.

நத்தாரும் கடந்தது. யன்னற் கள்ளி முழுவதும் பூத்துக் குலுங்கியது. எமது அறைச் சாடி மட்டும் பச்சையாகவே நின்றது. மாலை தோறும் 5 மணிக்குப் பெட்டியைக் கவிழ்க்கும் பணியை நாமே ஏற்றிருந்தோம். தை நடுப்பகுதியில் விடைபெற்றபோதும் அதிலே மாற்றமெதுவும் காணவில்லை. பெரியம்மா அதுபற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதது எம்மை மேலும் வருத்தியது.

மாசி மாதத்து முதல் வாரத்தில் ஓரிரவு தொலைபேசி ஒலித்தது. “தம்பி, மேலை நாலு இலை சிவந்திட்டுது” என்றார் பெரியம்மா. பின்னர் வேறு செய்திகளைப் பேசினோம். அன்றிரவு வாசித்துக்கொண்டிருந்த நூலை மூடி, வழக்கத்திலும் முன்னதாகவே விளக்கை அணைத்தோம்.