ஒரு சுவரில் எத்தனை நாள்

ஜூலையில் ஃப்ளாரன்ஸுக்குப் போகாதே என்று சொல்லாத ஆள் இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. சுற்றிலும் குன்றுகள், நடுவே பள்ளத்தில் ஊர். ஆர்னோ ஆறு பச்சை நிறத்தில் நகராமல் கிடக்கிறது. காலை பத்து மணிக்கே கல் பாவிய தெரு செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. ஆனால் பல்கலைக்கழகங்கள் கலை வரலாற்றுக்குக் கோடை வகுப்பு நடத்துவது அப்போதுதான். வகுப்பறை பேருக்கு மட்டும். அரை மணி நேரம் முன்னுரை கேட்டுவிட்டு, நோட்டும் பென்சிலுமாகத் தேவாலயத்துக்குக் கிளம்பிவிடுவோம். தோளை மூடாமல் வந்தவர்களுக்கு வாசலோடு சரி.

உஃபிஸி அருங்காட்சியகத்தை எங்கள் பேராசிரியர் கடைசிக்குத் தள்ளிவிட்டார். "முதல்ல சுவரைப் பார்க்கப் பழகுங்க" என்றார். நல்லதாகப் போயிற்று. பிறகு போனபோது பொத்திச்செல்லி ஓவியங்களுக்கும் எனக்கும் நடுவில் உயர்த்திப் பிடித்த ஃபோன்கள்தான் தெரிந்தன.

சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? நாட்கள் இருக்கின்றன. ஈரமான சுண்ணச் சாந்தின் மேல், தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவதுதான் ஃப்ரெஸ்கோ. சாந்து காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக்கொண்டு இறுகும்போது வண்ணமும் அதனுள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்த பிறகு தீட்டினால் அந்தப் பிடிப்பு வராது. அதனால் அன்றைக்குத் தீட்டி முடிக்கிற அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். அந்த ஒரு நாள் துண்டுக்கு ஜோர்னாத்தா என்று பெயர். மறுநாள் பூசும் சாந்து முந்தைய துண்டின் விளிம்பில் லேசாக ஏறி நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது கன்னத்தைச் சுவரோரம் கொண்டுபோய்ப் பார்த்தால் அந்த விளிம்பு தெரியும். எதை முதலில் தீட்டினார்கள், எதைப் பிறகு தீட்டினார்கள் என்று படித்துவிடலாம். வானமும் கட்டடமும் பெரிய துண்டுகள். ஒரு முகத்துக்கே ஒரு நாள் போயிருக்கும்.

ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாந்தா க்ரோச்சே தேவாலயத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். பார்தி, பெருட்சி என்ற இரண்டு வங்கிக் குடும்பங்களின் சிற்றாலயங்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் தீட்டியவர் ஜோத்தோ. பார்தியில் பெரும்பாலும் ஈரச் சாந்தில் தீட்டினார்; முகங்கள் இன்னும் நிற்கின்றன. பெருட்சியில் பெரும்பகுதி காய்ந்த சாந்தில். உருவங்கள் சாயம் போய் மங்கிவிட்டன. 18-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் வெள்ளையடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் சுரண்டி எடுத்தார்கள். பார்தியில் புனித பிரான்சிஸ் இறந்து கிடக்க, துறவிகள் அவர் கைகளிலும் கால்களிலும் முத்தமிடுகிறார்கள். அந்தக் காட்சியையே பெயர்த்துக்கொண்டு பின்னாளில் ஒரு கல்லறையைப் பதித்திருக்கிறார்கள். கல்லறை போய்விட்டது, மொட்டைச் சாந்து மிச்சம். ஓவியத்தை மறைப்பது நம் ஊரிலும் நடந்ததுதான்: தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். அங்கே மறைத்தவர்கள் மேலே இன்னொரு ஓவியமாவது தீட்டினார்கள். இங்கே வெறும் வெள்ளை.

ஆற்றைத் தாண்டினால் சாந்தா மரியா தெல் கார்மினே. அதிலுள்ள பிரான்காச்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு வேண்டும், உள்ளே நிற்கவும் நேரக் கணக்கு உண்டு. 1420-களில் மசோலினோவும் மசாச்சோவும் தொடங்கிப் பாதியில் விட்டதை 1480-களில் ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார். ஏதேனிலிருந்து துரத்தப்படும் ஆதாம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறான், அழுகையில் வயிறு உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது. ஏவாளின் திறந்த வாய் வெறும் இருட்டு. இவர்களுடைய நிர்வாணம் பொறுக்காமல் 17-ஆம் நூற்றாண்டில் யாரோ வரைந்து வைத்த இலைகளை 1980-களின் சுத்திகரிப்பில்தான் நீக்கினார்கள்.

நான் மலைத்து நின்றது நிழல்களுக்கு முன்னால். பலிபீடத்துக்குப் பின்னால் நிஜ ஜன்னல் ஒன்று இருக்கிறது. இடப்பக்கச் சுவரில் வரி கட்டும் காட்சியிலுள்ள ஆட்களின் நிழல்கள் எல்லாம், வெளிச்சம் அந்த ஜன்னலிலிருந்தே வருவதுபோல இடப்பக்கம் விழுகின்றன. பலிபீடச் சுவரில் பேதுரு நடந்து போகிறார். அவர் நிழல் பட்ட முடவர்கள் எழுகிறார்கள். அந்த நிழலும் அதே கணக்கில்தான் விழுகிறது. இருபத்தேழு வயதுக்குள் செத்துப்போன மசாச்சோ செய்த வேலை இது.

இதைப் படிக்கத்தான் பின்னால் வந்த ஓவியர்கள் எல்லாரும் இங்கே வந்து நகல் வரைந்தார்கள். சிறுவன் மைக்கலாஞ்சலோவும் வந்தான். பக்கத்தில் வரைந்தவர்களைக் கேலி செய்ததில் டொரிஜானோ என்பவன் விட்ட குத்தில் மூக்கு உடைந்தது என்று சிற்பி செல்லினி எழுதிவைத்திருக்கிறார். எங்கள் கூட்டத்திலும் அங்கே ஒரு சண்டை நடந்தது: ஆதாமும் ஏவாளும் ஒரே நாள் வேலையா, வேறு வேறு நாளா? நான் இவள் தோளுக்கும் அவன் முழங்கைக்கும் நடுவில் விளிம்பு ஓடுகிறது என்றேன். என்னோடு படித்த போலந்துப் பையன் ஒருவன் அது வெறும் விரிசல் என்றான். குரல் ஏறியது. மூக்கு வரை போகவில்லை; நேரமாகிவிட்டது என்று காவலர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்.