பசுமலை செலக்‌ஷன் கமிட்டி

இந்திய கிரிக்கெட் டீமைப் பொறுக்கியெடுக்க மண்டலத்துக்கு ஒருத்தராக ஐந்து பேர் இருந்தார்கள். ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் ஏ.சி. அறையில் கூடி, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே லிஸ்ட் எழுதுவார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அதெல்லாம் சும்மா சம்பிரதாயம் சார்! நிஜமான செலக்‌ஷன் கமிட்டி மதுரை பசுமலையில், திருப்பரங்குன்றம் போகிற டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு டீக்கடை பெஞ்சில்தான் கூடியது. பிஸ்கட் கிடையாது. கடனுக்கு டீ உண்டு.

நான் சொல்வது 1988 ஜனவரி. கமிட்டித் தலைவர், கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலையாகப் போட்டிருக்கும் டெய்லர் அண்ணன். உறுப்பினர்கள்: ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சு ஒட்டியிருக்க நேராகக் கடைக்கு வரும் மில் மாமா, காலேஜை முடித்தும் அரியர்ஸை முடிக்காத இரண்டு பேர், டவுனில் ஒரு ஆபீசில் புதிதாக கிளார்க்காகச் சேர்ந்திருந்த நான், அப்புறம் என் சிநேகிதன் கூக்ளி.

கூக்ளிக்கு அவங்க அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். 1984-ல் பம்பாய் டெஸ்ட்டில் நம்ம லட்சுமண் சிவராமகிருஷ்ணன் இங்கிலாந்தின் 12 விக்கெட்டைச் சாய்த்தாரே, அந்த வாரத்திலிருந்து பயல் லெக் ஸ்பின் போட ஆரம்பித்தான். எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, அம்மாவின் நூல்கண்டு என்று எது கையில் கிடைத்தாலும் மணிக்கட்டைச் சுழற்றுவான். பசுமலைக்குப் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் காயப்போட்டிருந்த களிமண் உருண்டையைக்கூட இவன் விட்டு வைக்கவில்லை என்று ஒரு புகார் உண்டு.

அந்த ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவில் டூர் வந்திருந்தது. டெல்லி டெஸ்ட்டில் நம்மாட்களை 75 ரன்னுக்குச் சுருட்டி ஜெயித்துவிட்டார்கள். பம்பாய், கல்கத்தா இரண்டும் டிரா. கடைசி டெஸ்ட் மெட்ராஸில், சேப்பாக்கத்தில், 11-ம் தேதி. கேப்டன் வெங்சர்க்காருக்குக் கல்கத்தாவில் கை உடைந்துவிட்டதால் ரவி சாஸ்திரி கேப்டன். தொடரைச் சமன் செய்ய இதுதான் கடைசி வாய்ப்பு. பசுமலைக் கமிட்டி ராத்தூக்கம் இல்லாமல் உழைத்ததில் என்ன ஆச்சரியம்?

எங்கள் தீர்மானம் ஒரே வரி: 'சிவாவைத் திரும்ப எடு.'

"பதினேழு வயசுல ஆன்டிகுவாவுல டெஸ்ட் ஆடுன பையன். இப்ப இருபத்திரண்டுதான் ஆகுது. அதுக்குள்ள கதையை முடிச்சுட்டாய்ங்களே" என்று நான் பெஞ்சைத் தட்டினேன்.

"நம்ம மெட்ராஸ்ல ஆட்டம், நம்ம பையன் இல்லேன்னா எப்படி? சிவா டீம்ல இல்லேன்னா இந்த ரேடியோவைத் தூக்கிக் கிணத்துல போட்ருவேன்" என்றார் டெய்லர் அண்ணன்.

"அது என் ரேடியோ" என்றார் டீக்கடைக்காரர், பாய்லரை விட்டுத் திரும்பாமல்.

மில் மாமாதான் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர். "இதென்ன மாப்ளே பெரிய விசயம்? 1945-ல ஆஸ்திரேலியா சர்வீசஸ் டீம் கல்கத்தாவுக்கு ஆட வந்தப்ப, முஷ்டாக் அலியை டீம்ல எடுக்கல. சனம் திரண்டு தேர்வுக் குழுத் தலைவர் துலீப்சிங்ஜியையே சூழ்ந்துக்கிச்சு. 'முஷ்டாக் இல்லேன்னா டெஸ்ட் இல்லே'ன்னு ஒரே கோஷம். கடைசியில முஷ்டாக் ஆடுனாரா இல்லையா? ஆடுனாரு! அதே கல்கத்தாவுல 1984 கடைசியில கபில்தேவை உட்கார வச்சப்பவும் ஊரே கொந்தளிச்சுச்சு, ஆனா உள்ள விடலை. கோஷம் ஒரு தடவை பலிக்கும், ஒரு தடவை பலிக்காது."

(கபில் 131 டெஸ்ட் ஆடினார். அவரது காலத்தில் தவறவிட்டது அந்த ஒரே ஒரு டெஸ்ட்தான் என்பது பின்னால் தெரிந்தது. பொறுப்பில்லாத ஷாட் அடித்து அவுட் ஆனதற்கான தண்டனை அது. அந்தத் தண்டனை எனக்கும் இருந்திருந்தால் ஆபீசில் பாதி நாள் நான் பெஞ்சில்தான்.)

இதே நேரத்தில் எங்களுக்கும் ஒரு 'டூரிங் டீம்' வந்து சேர்ந்தது! மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீஸ் டீம் பொங்கலுக்கு முன்னால் தெற்கே ஊர் ஊராக ஆடிக்கொண்டு வருகிறது, 10-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரு மேட்ச் என்று ஏற்பாடு. அவர்களுக்குப் பதினொரு பேருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. எங்களிடம் இருந்தது ஒரு பேட், மூன்று கால்காப்பு. மூன்றும் இடது காலுக்கு.

நான்தான் கேப்டன். என் பேட்டிங்கைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கும்பலில் மாசச் சம்பளம் வாங்கியவன் நான் ஒருத்தன்தான், ஆகவே பந்து வாங்கித் தருவது நான், ஆகவே கேப்டன்.

மேட்சுக்கு நாலு நாள் முன்னால், மாசி வீதியில் கடை வைத்திருந்த ஒருத்தரின் மகன் என்னைத் தேடி வந்தான். தோளில் ஒரு பெரிய கிட் பேக். இரண்டு பேட், நாலு ஜோடி கால்காப்பு, கிளவுஸ், கீப்பிங் கிளவுஸ், எல்லாம் புதுசு. "நான் மீடியம் பேஸ் போடுவேன் சார்" என்றான். வாழ்க்கையில் என்னை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள். நான் பையனைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தேன். உடனே எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றில் ஒன்று கூடினால் ஒன்று கழிய வேண்டுமே? யாரைக் கழிப்பது? பேட்ஸ்மேன்களைத் தொட முடியாது. விக்கெட் கீப்பர் டெய்லர் அண்ணனின் தம்பி. தொட்டால் பேன்ட் தைத்துக் கிடைக்காது. விரல் போய் நின்ற இடம் கூக்ளி. அவன் பந்து சில நாள் திரும்பும். சில நாள் திருப்பரங்குன்றம் வரைக்கும் போகும். முந்தைய இரண்டு மேட்சிலும் நிறைய ரன் கொடுத்திருந்தான். ஆகவே அவனை விட்டது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

நான் செய்த தப்பு வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் கூக்ளி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். என் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. "எடுக்காதது கூடப் போகட்டும்டா. அந்தப் பையனைக் கூப்புட்டு, 'இந்தக் காரணத்துக்காக உன்னை எடுக்கலைப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய்ங்களா?" என்று சிவாவுக்காக நியாயம் கேட்டேன். கூக்ளி கண் கலங்க, "கரெக்ட்டுடா" என்றான்.

அப்புறம் அவன் சாப்பிடப் போனான். நான் போன வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பதினொரு பெயரை எழுதி, டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, டவுனுக்கு பஸ் ஏறி செகண்ட் ஷோ சினிமாவுக்குப் போய்விட்டேன். அவன் வந்து லிஸ்ட்டைப் பார்க்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பன்னிரண்டாவது ஆள் என்று ஒரு வரி எழுதவும் மறந்திருந்தேன். என்ன படம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இடைவேளையில்கூட எழுந்து வெளியே வரவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மைதானத்துக்குப் போனபோது, மேட்டிங்கின் நாலு மூலையிலும் ஆணி அடித்துக்கொண்டிருந்தான் கூக்ளி.

"வாடா. குடத்துல தண்ணி வச்சிருக்கேன். ஸ்கோர் யாரு எழுதறது? நான் எழுதட்டுமா?" என்றான்.

நான், "ம்" என்றேன். ஒரு கேப்டனின் வாயிலிருந்து வந்த முழு உரையும் அதுதான்.

மேட்ச்சில் நாங்கள் தோற்று, கிட் பேக் பையன் அடி வாங்கி, கூக்ளி இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்லி... கதை என்றால் அப்படித்தான் போகும். நடந்தது வேறு. நாங்கள் ஜெயித்தோம். பையன் இரண்டு விக்கெட் எடுத்தான். என் செலக்‌ஷனை ஊரே பாராட்டியது. ராத்திரி எல்லோருக்கும் பரோட்டா, என் செலவில். கூக்ளி மட்டும் வரவில்லை. ஸ்கோர் நோட்டை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

பிரித்துப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. ஒரு ரன் பிசகவில்லை. எங்கள் டீமின் பதினொரு பெயருக்குக் கீழே பன்னிரண்டு என்று நம்பர் போட்டு, அவன் பெயரை அவனே எழுதியிருந்தான். கூக்ளி என்று இல்லை. ரேஷன் கார்டுப் பெயரை.

மறுநாள் சேப்பாக்கம் டெஸ்ட் தொடங்கியது. டீமில் சிவா இல்லை. நம்ம ஆள் டபிள்யூ.வி. ராமனுக்கு முதல் டெஸ்ட் என்பதில் கமிட்டி பாதி சமாதானமானது. மீதிப் பாதி கொதித்தது. "யாருய்யா இந்த நரேந்திர ஹிர்வானி? மத்தியப் பிரதேசமாம். கண்ணாடி போட்டுக்கிட்டு பரீட்சை எழுத வந்த மாதிரி இருக்கான்" என்றார் டெய்லர் அண்ணன். பேப்பரில் போட்டோ பார்த்ததோடு சரி, அந்த 19 வயதுப் பையனைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாத ஆளைத் திட்டுவது சுலபம்.

கபில்தேவ் 109 அடித்தார். நாம் 382. அப்புறம் ஹிர்வானி பந்தை வாங்கினார். விவியன் ரிச்சர்ட்ஸின் ஸ்டம்பே பெயர்ந்தது. முதல் இன்னிங்ஸில் 61 ரன்னுக்கு 8 விக்கெட். டீக்கடையில் பேச்சு மூச்சு இல்லை.

பொங்கல் வாரம், ஆபீஸ் லீவு. வெள்ளிக்கிழமை 15-ம் தேதி, வெஸ்ட் இண்டீஸ் இரண்டாவது இன்னிங்ஸை ரேடியோவில் கேட்க நாங்கள் கூடியிருந்தபோது கூக்ளி வந்தான். எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டான். ரேடியோவில் ஹிர்வானி ஓடி வரும்போதெல்லாம் இவன் மணிக்கட்டு சுழன்றது. கீப்பர் கிரண் மோரே அந்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். இறங்கி வந்து அடிக்கப் பார்த்தார்கள், பந்து ஏமாற்றிப் போனது. 160-ல் எல்லாம் முடிந்தது. 255 ரன் வித்தியாசத்தில் வெற்றி. மறுபடியும் 8 விக்கெட், 75 ரன். மொத்தம் 136-க்கு 16. முதல் டெஸ்ட் ஆடிய யாரும் அதுவரை இவ்வளவு சாதித்ததில்லை. 1972-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி 137-க்கு 16 எடுத்திருந்தார். ஒரே ஒரு ரன்னில் முந்தினார் நம்ம கண்ணாடிப் பையன்.

பசுமலைக் கமிட்டியின் தீர்மானம் தப்பு என்று சேப்பாக்கம் சொல்லிவிட்டது. மில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சிவாவின் பரம பக்தனான கூக்ளி மட்டும் சிரித்தான். "யாரு போட்டா என்னண்ணே? லெக் ஸ்பின் ஜெயிச்சிருச்சு" என்றான், டெய்லர் அண்ணனிடம். என்னிடம் இல்லை.

அதற்கப்புறம் அவன் பந்து போட்டு நான் பார்க்கவில்லை. சில மாதத்தில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சிவாவுக்கு 9 டெஸ்ட்டோடு சரி. ஹிர்வானியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. உள்ளே, வெளியே என்று 1996 வரை 17 டெஸ்ட், 66 விக்கெட். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 2008-ல் ஸ்ரீகாந்த் தலைமையில் தேர்வுக் குழு அமைந்தபோது அதில் ஹிர்வானியும் ஒருவர்! அந்தச் சேப்பாக்கம் டீமில் ஆடிய இரண்டு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். 2011 உலகக் கோப்பைக்கு அந்தக் குழு எடுத்த லிஸ்ட்டில் ரோகித் சர்மா இல்லை. கோப்பையை ஜெயித்தோம். விடுபட்ட ரோகித் 2024-ல் கேப்டனாக டி-20 உலகக் கோப்பையை வாங்கினார். லிஸ்ட்டும் சரி, விடுபட்டவரும் சரி! பதினைந்து இடத்துக்கு இருபது நல்ல ஆள் இருந்தால் இப்படித்தான்.

ஆபீசில் நானும் காலப்போக்கில் லிஸ்ட் எழுதுகிற நாற்காலிக்கு வந்தேன். டிரெய்னிங்குக்கு யார், வெளியூருக்கு யார், பிரமோஷனுக்கு யார் பெயரைச் சிபாரிசு செய்வது... ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஏறும் முன்னால், விடுபட்டவரை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காரணத்தைச் சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருத்தர் அழுதார். எனக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் அந்த நாட்களில் நான் சினிமாவுக்குப் போனதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் கூக்ளியைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. கையில் தாம்பூலப் பை. உள்ளே இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். முப்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றதை அங்கேயே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "டேய், நீ என்னை விட்டது சரிடா. அப்ப என் பந்து திரும்பவே இல்ல. எனக்கே தெரியும்" என்றான்.

"அப்புறம் ஏன்டா பரோட்டா திங்க வரலை?"

"லிஸ்ட்டைப் பார்த்துட்டு உன்னைத் தேடி உங்க வீட்டுக்கு வந்தேன். சினிமாவுக்குப் போயிட்டான்னு உங்கம்மா சொன்னாங்க" என்றான். "நம்ம ரெண்டு பேரும் தனித்தனியா சினிமாவுக்குப் போனதே இல்லையேடா."

எலுமிச்சம்பழத்தை என் பக்கம் தூக்கிப் போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத் திரும்பியது. நான் பிடிக்கவில்லை.