லைம் விரிகுடாவில் சிப்பி எடுத்த நாள்

லைம் ரீஜிஸ், இங்கிலாந்து

அன்புள்ள நண்பா,

நேற்று எங்கள் ஸ்கூபா மன்றத்தார் படகெடுத்து ஸ்காலப் சிப்பி எடுக்கப் போனோம். ‘காப்’ என்கிற பழைய கல் அணையைத் தாண்டியதும் கிழக்கே கோல்டன் கேப் குன்று தெரிந்தது. 191 மீட்டர் உயரம். இங்கிலாந்தின் தென்கரையில் அதைவிட உயர்ந்த குன்று இல்லை.

ஓதத்தின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீரோட்டம் தணிகிற சிறு பொழுதுதான் இறங்க ஏற்றது. அதுவரை காத்திருந்து, அடியில் ஆள் இருப்பதைச் சொல்லும் நீல வெள்ளைக் கொடியை ஏற்றிவிட்டு, இருவர் இருவராகக் குதித்தோம். கோடையிலும் உறைக்கும் குளிர், தண்ணீர் புகாத டிரை சூட் உடை இல்லாமல் தாங்காது.

அடியில் மணலும் சரளையும். முதலில் ஒன்றுமே கண்ணில் படவில்லை. குழிந்த ஓட்டை மணலுக்குள் புதைத்து, தட்டையான ஓட்டின்மேல் வண்டலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் சிப்பி அது. தெரிவதெல்லாம் மெல்லிய ஒரு வளைகோடு. கண் பழகிவிட்டால் திரும்பிய பக்கமெல்லாம் அந்தக் கோடுதான். ஓட்டின் விளிம்பு நெடுக இருநூறு வரை சின்னஞ்சிறு கண்கள்! ஒவ்வொன்றிலும் பிம்பத்தைக் குவிப்பது ஒரு குழியாடி. நம் நிழல் பட்டதும் ஓட்டைப் படபடவென்று அடித்துத் துள்ளிப் போய்விடுகிறது. எடுக்க வந்ததை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் அளவுகோல் உண்டு. 100 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

மணல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இளஞ்சிவப்புக் கடல்விசிறிப் பவளங்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. இதே சிப்பிக்காக இரும்புப் பற்கள் வைத்த வாரிகளைப் படகுகள் இழுத்துப்போனபோது, கலப்பை ஓட்டிய வயலாகக் கடலடி புரண்டது. விசிறிகளும் கடற்பஞ்சுகளும் அதோடு போயின. 2008இல் இந்த விரிகுடாவில் சுமார் 206 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாரிக்கும் அடிமடி வலைக்கும் அரசு தடை போட்டது. நண்டுக் கூடுகளுக்கும் கையால் எடுப்பதற்கும் அந்தத் தடை இல்லை. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்றிலிருந்து கேமராவை இறக்கிக் கணக்கெடுத்து வருகிறார்கள். விசிறியும் மீண்டிருக்கிறது, சிப்பியும் பெருகியிருக்கிறது. கடலிலிருந்து எடுத்து உண்பதில் தவறில்லை, நண்பா. கண்ணால் பார்க்காததையும் சேர்த்து அள்ளுகிற கருவிதான் தவறு. அந்த விசிறிகளைப் பக்கத்தில் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

வலைப்பையைக் கனக்கவிடக் கூடாது. மேலேறும்போது அது கைநழுவினால் உடல் சட்டென்று மேலே கிளம்பிவிடும், நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் ஆபத்து. அதனால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற அளவோடு நிறுத்தினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பிறகு மேலே வந்தோம்.

கரையிலேயே சமையல். தட்டை ஓட்டை ஒட்டிக் கத்தியை விட்டால் சிப்பி திறந்துகொள்கிறது. வெள்ளைத் தசையும் ஆரஞ்சு நிறச் சினையும் போக மற்றதை எறிந்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த சட்டியில் வெண்ணெய் விட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம். மசாலா போட்டுவிடாதே, சிப்பியின் இயல்பான இனிப்பு போய்விடும்.

அடுத்த கோடைக்கு நீ வருவதாக இருந்தால் அதற்குள் அங்கேயே ஸ்கூபா பயிற்சியை முடித்துச் சான்றிதழை வாங்கிவிடு. அது இல்லாமல் எங்கள் படகில் யாரையும் இறக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்