இரட்டை வேகத்தில் ஒரு பாட்டு

திருநின்றவூர் ஏரிக்கரையில் காலை ஆறரை மணிக்கு ஓர் அணில் காதல் தோல்வியைப் பாடிக்கொண்டிருந்தது. அப்படித்தான் கேட்டது. குரல் கீச்கீச்சென்று ஓட, தாளம் அதைத் துரத்தியது. கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் அதற்கு வாயசைத்தபடி கரையில் படபடவென்று நடந்தார். முகத்தில் மட்டும் தாங்க முடியாத சோகம். மாடு ஓட்டிவந்த பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, டேப்பு சிக்கிக்கிச்சா?" என்றார்.

"ஸ்லோமோஷன் தாத்தா" என்றார் கேமராவைப் பிடித்திருந்த தம்பி, கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்காமல்.

அவர் பிறகு எனக்கு விளக்கியது இது. நொடிக்கு 48 ஃப்ரேம் எடுத்து, அதை 24 ஆக ஓட்டினால் அசைவு பாதி வேகத்துக்கு வந்துவிடும். தலைமுடி மிதக்கும், தண்ணீர் தயங்கித் தெறிக்கும். ஆனால் உதடு? அது பாட்டோடு ஒட்ட வேண்டுமே. அதனால் படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். நடிப்பவர் அந்த ஓட்டத்துக்கு வாயசைக்க வேண்டும், கண் மட்டும் அவசரப்படக் கூடாது. திரையில் நாம் பார்த்து உருகும் நிதானம் முழுவதும் இப்படி மூச்சுமுட்ட ஓடி எடுத்ததுதான். பதினோராவது டேக்கில் கறுப்புச் சட்டைக்காரர் கரைச்சரிவில் வழுக்கி உட்கார்ந்தார். "அதையும் வச்சுக்கலாம், செகண்ட் சரணத்துக்கு ஆவும்" என்றார் இயக்குநர்.

மொத்தம் ஏழு பேர். கேமராவும் ஜிம்பலும் முந்தின இரவு வடபழனியிலிருந்து வாடகைக்கு வந்தவை; மறுநாள் காலை திருப்பித் தராவிட்டால் இன்னொரு நாள் வாடகை ஏறும். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட இரண்டு தெர்மோகோல் அட்டைகள். அவற்றைப் பிடித்திருந்தவர் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், அன்று லீவு போட்டிருந்தார். அவருக்குப் பேட்டா கிடையாது. கேமராத் தம்பி ஒருமுறை இவருடைய தங்கை கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் வீடியோ எடுத்துக்கொடுத்தாராம். இவர் இன்று அட்டை பிடிக்கிறார். இயக்குநருக்கு அடுத்த மாதம் இன்னொருவர் எடிட்டிங் செய்துதருவார். நம் வீட்டு மொய் நோட்டு மாதிரிதான், எழுதிவைப்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

அரக்கோணம் மார்க்கத்து ரயில் தடதடத்துப் போனபோது நான் பதறினேன். யாரும் திரும்பவில்லை. இங்கே சத்தம் பதிவதே இல்லை. பாட்டு ஏற்கெனவே முடிந்து கையில் இருக்கிறது. ரயில் என்ன, ஊர்வலமே போனாலும் கவலையில்லை. ஆனால் அந்த ரயிலைப் படம் பிடிக்கத்தான் முடியாது. பிளாட்பாரத்தில் கேமரா வைக்க ரயில்வேயிடம் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். ஏரிக்கரையில் கேட்பாரில்லை. சென்னை மேற்கில் எடுக்கிற பாட்டுகளில் ஏரியும் நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதைவிடப் பெரிய அழகியல் காரணம் எதுவும் இல்லை என்று இயக்குநரே சிரித்தார்.

இவர்கள் இதை 'ஆல்பம் சாங்' என்கிறார்கள். ஒரே ஒரு பாட்டு, ஆல்பம் எதுவும் கிடையாது. சினிமாவில் வராத பாட்டெல்லாம் ஆல்பத்தில்தான் வரும் என்று கேசட் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் போலிருக்கிறது. 'சுயாதீன இசை' என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மரியாதைக்காகத் தலையாட்டினார்கள்.

மதியம் இயக்குநர் வீட்டு மாடி அறைக்குப் போனோம். மேசைமேல் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றின்மேல் வெள்ளை டேப் ஒட்டி '2024' என்று எழுதியிருந்தது. டிசம்பர் கடைசி வாரம். அந்த ஆண்டே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

வெளியே அந்த ஆண்டின் கதை வேறு. ஜனவரியில் இளம் இசையமைப்பாளர் சாய் அபயங்கரின் 'கட்சி சேர', ஜூனில் 'ஆச கூட'. இரண்டும் படத்தில் வராத பாட்டுகள், இரண்டும் கல்யாண மண்டபம் வரை போயின. மார்ச்சில் 'இனிமேல்'. ஸ்ருதி ஹாசன் இசை, கமல் ஹாசன் வரிகள், நடித்தவர் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். அதை ஆல்பம் சாங் என்று சொல்ல இந்த அறைக்குக் கொஞ்சம் கூச்சம். டிசம்பரில் சூர்யா நடிக்கும் படத்துக்கு சாய் அபயங்கர் இசை என்று அறிவிப்பு வந்தது. "பார்த்தீங்களாண்ணா, ஒரே வருஷம்" என்றார் எடிட்டர். இங்கே ஒவ்வொருவர் மனத்திலும் ஓடும் கணக்கு அதுதான். சினிமாவை விட்டு விலகி நிற்கிற கலை என்று நான் எழுத நினைத்துக்கொண்டு போனேன். இவர்களோ சினிமாவின் வாசலில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

சுவரில் 'எஞ்சாயி எஞ்சாமி' படம். 2021 மார்ச் 7 அன்று வந்த பாட்டு. அதை எழுதிப் பாடிய அறிவு இதே ரயில் பாதையில் அரக்கோணத்துக்காரர் என்பதில் இவர்களுக்குச் சொந்தப் பெருமை. அந்த வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன் என்பது அறையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. வெளியே, பாட்டை முழுசாகப் பாடத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு வந்து மூன்றாண்டு முடிந்தபோது, 2024 மார்ச்சில், அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். "அவங்களுக்கே அப்படின்னா..." என்று தொடங்கிய எடிட்டர் முடிக்கவில்லை.

சட்டமும் எடிட்டர் பக்கம் அதிகம் இல்லை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாட்டெழுதியவரையும் இசையமைத்தவரையும் காத்தது. ராயல்டியில் தமக்குள்ள பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று. படம் பிடித்தவருக்கும் வெட்டி ஒட்டியவருக்கும் அப்படி ஒரு பங்கு அதில் இல்லை. அன்றைய கூலியோடு சரி. கூலி இல்லாத இடத்தில் மொய்யோடு சரி.

எடிட்டர் டிஸ்க்கைத் திறந்தார். அந்த ஆண்டு கைவைத்த பாட்டுகள் ஒன்பது. யூடியூபுக்குப் போனவை நான்கு. ஒன்றில் பாடகருக்கும் மெட்டமைத்தவருக்கும் சண்டை. ஒன்றுக்குப் பணம் போட்டவர் வேலைக்காக துபாய் போய்விட்டார். இன்னொன்றில் டிஐ என்கிற நிறத் திருத்தம் வரை முடிந்தபிறகு கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள். அதைப் போட்டுக் காட்டினார். மாலை வெயிலில் நெல் வயல், அந்தப் பெண் திரும்பிச் சிரிக்கிறாள். மூன்றே நொடி. நான் அந்த வருடம் பார்த்ததில் அதுதான் நல்ல ஷாட். இந்த அறைக்கு வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை.

"பூசலார் ஊருண்ணா இது" என்றார் கேமராத் தம்பி. காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய நாயனார். அவர் நினைவாக இங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இந்த உவமை திருநின்றவூரில் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் அடுத்து சொன்னது எதிர்பார்க்காதது: "அவருக்கு கேமரா வாடகை கெடையாது."

சாயங்காலம் மீதி ஷாட்டுக்காக மறுபடி ஏரிக்குப் போனோம். வெயில் இறங்குவதற்குள் இரண்டு டேக். காலையிலிருந்து வேடிக்கை பார்த்த பையன்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டே பாடினான், கீச்சென்ற குரலில், அதே இரட்டை வேகத்தில். அவன் கேட்டது அந்தப் பாட்டைத்தான்.

கறுப்புச் சட்டைக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "டேய், மெதுவாப் பாடணும்டா" என்று கூப்பிட்டார். பையன் அதற்குள் வளைவு திரும்பிவிட்டான்.