வடகோடியில் இரு விமான நிலையங்கள்

தேசப்படத்தை விரித்து, இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரம் யாதென்று கேட்டால் மாணவர் உடனே அடிமட்டத்தை எடுப்பர். துருவத்தை அண்டிய நாடுகளிலோ அந்த அடிமட்டம் பொய் சொல்லும்! கனடாவின் வடகோடியிலுள்ள ரெசொலூற், கிறைஸ் பியோட் என்னும் இரு சிற்றூர்களை எடுத்துக்கொள்வோம்.

முன்னையது கோர்ன்வாலிஸ் தீவிலும், பின்னையது எல்ஸ்மியர் தீவிலும் உள்ளது. இரண்டிற்கும் நெடுங்கோட்டு வேறுபாடு 12 பாகை. பூமத்திய ரேகையில் ஒரு பாகை 111 கிலோமீற்றர் ஆகையால், அங்கே இது 1,300 கிலோமீற்றருக்கு மேலாகும். ஆனால், நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வன அல்லவா? அவ்வூர்களை அண்டி ஒரு பாகை ஏறத்தாழ 28 கிலோமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. வடக்கு நோக்கிச் செல்லும் தூரத்தையும் சேர்த்துக் கணித்தால், வான்வழித் தூரம் 385 கிலோமீற்றர் அளவே.

அவ்வூர்களை இணைக்கும் தெருவுமில்லை, இருப்புப்பாதையுமில்லை. சரக்குக் கப்பலும் பனிக்கட்டி உடையும் கோடையிலேதான் வரும். ட்வின் ஒட்டர் என்னும் இரட்டை இயந்திரச் சிறு விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அத்தூரத்தைக் கடந்து, மலையடியிலுள்ள குறுகிய சரளைக்கல் ஓடுபாதையில் இறங்கும். காந்த துருவப் பிரதேசமாதலால் அங்கே திசைகாட்டியின் முள்ளை நம்புதல் இயலாது. விமானவோட்டிகள் மெய்வடக்கையே கொள்வர். மூடுபனியோ புயலோ எழுந்தால் ஒன்றரை மணிப் பயணத்துக்குப் பல நாள் காத்திருக்கவும் நேரும்.

அங்கு வாழும் இனுயிற் மக்கள் ரெசொலூற்றை 'விடியல் இல்லாத இடம்' என்றும், கிறைஸ் பியோட்டை 'உருகாத இடம்' என்றும் தம் மொழியில் வழங்குவர். நவம்பர் தொடக்கம் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே சூரியன் எழுவதில்லை.

இத்தகைய இடத்துக்கு அவர்கள் தாமாக வந்தவரல்லர். 1953, 1955 ஆம் ஆண்டுகளில் கனடிய அரசாங்கம் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து, ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே, பல குடும்பங்களைக் கப்பலில் கொண்டுவந்தது. வேட்டை மிகுதியாகக் கிடைக்கும் என்றும், விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்றும் கூறப்பட்டது. அவ்வாக்குக் காப்பாற்றப்படவில்லை. ஒருங்கே வாழ்வோம் என்று நம்பி வந்தவர்கள் இவ்விரு இடங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். அண்ணன் ஒரு தீவில், தம்பி மற்றொரு தீவில்! இடையே உறைந்த கடல்.

2010 ஆகஸ்டில் அரசாங்கம் அவர்களிடம் மன்னிப்புக் கோரியது. முதல் குடும்பங்கள் வந்து 57 ஆண்டுகள் சென்றிருந்தன.

இன்று விமானம் ஒன்றரை மணியில் கடக்கும் அத்தூரம், அன்று உறவினரைக் காணாது ஏங்கியவர்களுக்கு எத்துணை நீண்டதாயிருந்திருக்கும்! தேசப்படத்தில் இரு புள்ளிகளைத் தொட்டு அளக்கும் மாணவர் இதனையும் நினைவிற் கொள்வாராக.