90 கிலோவும் 7 கிலோவும்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

திண்டுக்கல் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருபவை மலைக்கோட்டையும் பூட்டும்தான். இப்போது பிரியாணியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன இவ்வூரில் இரும்பை நம்பிப் பிழைக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. கேட், ஜன்னல் கிரில், தகரக் கொட்டகை, மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றைச் செய்து தரும் வெல்டிங் பட்டறைக்காரர்கள் அவர்கள். என் தந்தையார் அவர்களுள் ஒருவர். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் நடந்த விவாதத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அது நிலத்தைப் பற்றியோ நகையைப் பற்றியோ எழுந்த விவாதம் அன்று; ஒரு வெல்டிங் மிஷினைப் பற்றியது.

என் தாத்தா பூட்டுத் தொழிலாளி. தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் கையாலேயே பொருத்துவார். தாம் செய்த ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராது என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபின், அத்தொழிலில் அவருக்குக் கூலி கட்டவில்லை. பூட்டை விட்டு வெல்டிங்குக்கு மாறியபோது அவர் வாங்கியதே அந்தப் பழைய மிஷின். எடை 90 கிலோ. உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய நடுப்பகுதி. அதைச் சுற்றித் தடித்த செப்புக் கம்பி. சூட்டைத் தணிக்க எண்ணெய். என் அத்தையர் இருவருக்கும் திருமணம் நடந்தது அதன் வருமானத்தில்தான். ஆகவே வீட்டில் அதனை ஒரு மூத்தவரைப் போலவே மதித்து வந்தோம்.

சென்ற ஆண்டு பங்குனி வெயிலில் ஒரு நாள் அதன் வைண்டிங் கருகிப் புகைந்தது. துன்பம் தனியாக வருவதில்லை என்பார்கள். கைக்கு உதவியாக இருந்த அண்ணன் அதற்குச் சற்று முன்புதான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பாவுக்கோ முதுகுத்தண்டில் வலி. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிஷினை வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சுமை ஆட்டோ ஒன்றும், தூக்க இரண்டு ஆட்களும் வேண்டும். அந்தச் செலவே கூலியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதோடு எங்கள் மிஷினுக்கு இரண்டு பேஸ் மின்சாரம் தேவை. கிராமத்து வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரு பேஸ்தான். நத்தம் பக்கமிருந்தும் ஆத்தூர் பக்கமிருந்தும் கொட்டகை வேலை கேட்டு வருபவர்களை அப்பா கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய மிஷினுக்குப் புது வைண்டிங் கட்டுவது. மற்றொன்று, இன்வர்ட்டர் மிஷின் என்று சொல்லப்படும் சிறிய மிஷினை வாங்குவது. இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரே தொகைதான். அந்தத் தொகை இருந்த இடம் ஒன்றே ஒன்று. என் கல்லூரிச் செலவுக்கென்று அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்த்து வைத்திருந்த சேமிப்பு அது. "இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுபடியும் அந்த 90 கிலோவுக்கே கொட்டாதீர்கள்" என்றார் அம்மா. அப்பா உடனே இசையவில்லை. "வெளியிலிருந்து மலிவாகவும் இலகுவாகவும் ஒன்று வந்துதான் எங்கப்பா பூட்டுத் தொழிலை அழித்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்குள் எத்தனை பட்டறை மூடிப்போயிற்று! இப்போது நானே அப்படி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

மறுநாள் எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் இது பற்றிக் கேட்டேன். 7 கிலோ எடையுள்ள ஒன்று 90 கிலோவின் வேலையை எப்படிச் செய்யும் என்பதே என் ஐயம். அவர் அன்புடன் விளக்கினார். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இரண்டிற்கும் அடிப்படை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் மாறுகிறது. பழைய மிஷின் அந்த மெதுவான மாற்றத்தை அப்படியே ஏற்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அதிக ஆற்றலைக் கடத்த வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய இரும்பும் நிறையச் செம்பும் வேண்டும். சிறிய மிஷினோ முதலில் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்தி, மீண்டும் நேர்மின்னோட்டமாக்கித் தருகிறது. பெரிய அண்டா நிறையத் தண்ணீரை இருவர் சேர்ந்து மெல்லத் தூக்கி வருவது பழைய முறை. சிறு சொம்பில் மொண்டு மொண்டு ஒருத்தி ஓடி ஓடி ஊற்றுவது புதிய முறை. தொட்டி இரண்டிலும் நிரம்பும்.

அவ்வளவு வேகமாக வெட்டும் வேலையைப் பல மிஷின்களில் செய்வது ஐ.ஜி.பி.டி. என்னும் சிறு மின்னணுக் கருவி. அதை அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இதைச் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இது முழுக்க வெளியூர்ச் சரக்கு இல்லை போலிருக்கிறதே!" என்றார்.

அதற்குப் பிறகு நானும் அப்பாவும் கணக்குப் போட்டோம். இரண்டரை மில்லிமீட்டர் ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால், தீப்பொறி முனையில் சுமார் 23 வோல்ட். பெருக்கினால் 1,840 வாட். மிஷினுக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் குளியலறைக் கீசருக்குச் சற்று மேலாக வரும். நல்ல ஒயரிங் உள்ள வீட்டில் ஒரு பவர் பிளக் போதும் என்று தெரிந்தது.

ஆயினும் காகிதக் கணக்கை மட்டும் நம்பித் தொழில்காரர் பணம் கொடுக்கமாட்டார். அப்பா கடைக்குச் சென்று, இரண்டு ஆங்கிள் துண்டுகளைத் தாமே ஒட்டிப் பார்த்தார். கசடைச் சுத்தியலால் தட்டிவிட்டு, ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய மிஷினின் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டு மீள்வதால் பொறி துடிக்கும். இதில் நேர்மின்னோட்டம் என்பதால் பொறி நிலையாக நின்றது. மெல்லிய தகட்டிலும் ஓட்டை விழவில்லை. பிறகு மிஷினை ஒரு கையால் தூக்கினார். சிறிது நேரம் கீழே வைக்கவே இல்லை. அன்று மாலையே வாங்கிவிட்டார்.

சிறிய மிஷினில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழையது மழை, தூசி எதற்கும் அசையாது. எந்த வைண்டிங் கடையிலும் பழுது பார்க்கலாம். சிறியதற்கு இரும்புத்தூள் எதிரி. அதனால் கிரைண்டர் ஓடும் இடத்திலிருந்து அதைத் தள்ளியே வைக்கிறோம். வாரம் ஒருமுறை காற்றடித்துத் துடைக்கிறோம். உள்ளிருக்கும் போர்டு போனால் எல்லாராலும் சரி செய்ய முடியாது. அதிக ஆம்பியரில் ஓயாமல் ஓட்டவும் கூடாது. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதை அதன் மேலேயே எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் அறிந்தே அப்பா தேர்ந்தார்.

வாங்கிய இரண்டாம் வாரம் சிறுமலையிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். கேட்டின் கீல் உடைந்துவிட்டதாம். முன்பென்றால் கும்பிட்டு அனுப்பியிருப்பார். அன்று மொபெட்டில் மிஷினைக் கட்டிக்கொண்டு, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்று, பிற்பகலுக்குள் வேலையை முடித்துத் திரும்பினார். "பூட்டும் இதுவும் ஒன்றில்லை, பாப்பா. அங்கே விற்ற பொருளே தோற்றுப் போயிற்று. இங்கே மாறியது கருவி மட்டும்தான். ஒட்டுகிற கை என் கைதானே!" என்று இரவு உணவின்போது சொன்னார். ஒரு மாதமாக எங்களை மடக்கிய கேள்விக்கு அவரே விடை கண்டுவிட்டார். கருகிய செப்புக் கம்பியை எடைக்குப் போட்ட பணத்தை அம்மா கையில் கொடுத்தார். மீதியைக் குழுவில் மாதந்தோறும் கட்டி வருகிறார்.

தோழியரே, எனக்கு இதில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய மிஷினை அசைக்கவே இரண்டு ஆண்கள் வேண்டும். அதனாலேயே பட்டறை பெண்களுக்கு உரிய இடம் அன்று என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். இன்று அம்மா மிஷினைத் தூக்கிக் கொடுக்கிறார். நானும் விடுமுறையில் கவசக் கண்ணாடி, கையுறை அணிந்து, அப்பா அருகில் நிற்க, சிறு சிறு துண்டுகளை ஒட்டப் பழகுகிறேன். முதலில் கோடு கோணலாகவே வந்தது. இப்போது கொஞ்சம் நேராகிறது. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பு உண்டு, பெண்களும் சேரலாம். நான் மின்பொறியியல் படிக்க விரும்புகிறேன். ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வைக்கிறேன். வெல்டிங் நடக்கும் தெருவில் போகும்போது அந்த ஒளியை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். அதிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிடும். இரவில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். தம்பி தங்கையருக்கும் இதைச் சொல்லுங்கள்.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பார்கள். கீர்த்தி இருக்கட்டும், அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, எங்களுக்கு அதுவே போதும்.