காகத்தை வரையப் பழகியபோது

 

திருக்குர்ஆனில் பறவைகள் பல இடங்களில் வருகின்றன. ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்குச் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுதை நாம் அறிவோம். யானைப் படையை அழித்த பறவைக் கூட்டத்தை மக்தப் சிறுவர்களும் அறிவர். எனினும், மனிதனுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்ட பறவை எது என்று கேட்டால் பலரும் சற்று யோசிக்கிறார்கள். அது காகம். அல்மாஇதா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அதனைக் கூறுகிறது. ஆதம் (அலை) அவர்களின் புதல்வர் ஒருவர் தம் சகோதரரைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்தபோது, அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது நிலத்தைக் கிளறிக் காட்டியது. இந்தக் காகத்தைப் போலக்கூட இருக்க நம்மால் இயலவில்லையே என்று அம்மனிதர் வருந்தினார். அவ்விரு புதல்வரையும் ஹாபீல், காபீல் என்று தஃப்ஸீர் நூல்கள் பெயர் சொல்லி அழைக்கின்றன.

இந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறோம். ஆயினும் காகத்தை நின்று நிதானமாக நாம் பார்க்கத் தொடங்கியது சென்ற ஆண்டில்தான். நாற்பதைத் தாண்டிய வயதில், கையில் பென்சிலோடு, அதை வரையக் கற்கும் மாணவராக!

ஒரு சிறுவனின் கேள்வி

மாலை வகுப்பில் ஓதும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் ஓதல் நோட்டின் ஓரங்களில் காகங்கள் நிறைந்திருந்தன. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவன் பேசமாட்டான். ஈராண்டுகளுக்கு முன் அவனுடைய வாப்பா வஃபாத்தானதிலிருந்தே அவன் அப்படித்தான் இருந்தான். ஹாபீல், காபீல் பாடம் நடந்த அன்று, வகுப்பு முடிந்து எல்லோரும் சென்றபின் அருகில் வந்து நின்றான்.

"ஹஸ்ரத், அந்தக் காகத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"அல்லாஹ்தான் கற்றுக் கொடுத்தான், வாப்பா."

சிறிது நேரம் நின்றான். பிறகு, "மண்ணைத் தோண்டுற காகத்தை வரையணும் ஹஸ்ரத். எனக்குக் கால் வர மாட்டேங்குது" என்றான்.

அவனுடைய உம்மாவிடம் பின்னர் விசாரித்தோம். வாப்பாவின் ஜனாஸா புறப்பட்ட அன்று, சிறுபிள்ளை அஞ்சிவிடுவான் என்று கருதி அவனை உறவினர் வீட்டில் விட்டுவிட்டார்கள். எல்லோரும் மூன்று கைப்பிடி மண் இட்டார்கள், மகன் இடவில்லை. அடக்கம் என்றால் என்னவென்று அவன் கண்ணால் கண்டதில்லை. அதைத்தான் தாளில் தேடிக்கொண்டிருந்தான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, உயிருள்ளவற்றை வரைவது ஹராம், அதைக் கிழித்துப்போடச் சொல்லுங்கள் என்றார். அவருடைய கவலை ஆதாரமற்றதல்ல. உருவம் வரைவோரைப் பற்றிய கடும் எச்சரிக்கைகள் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளன. உருவம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் அறிவுரை கூறியதும் புகாரியில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். பெரும்பான்மை அறிஞர்களின் நிலையும் அதுவே.

அதே நேரத்தில், ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததையும் ஸஹீஹான நூல்களே கூறுகின்றன. இறக்கைகள் கொண்ட ஒரு குதிரைப் பொம்மையைக் கண்டு நபியவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. நிழல் விழாத, தாளில் வரையப்படும் உருவங்களை வெறுக்கத்தக்கவை என்ற அளவில் நிறுத்திய மாலிக்கி அறிஞர்களும் உண்டு. கல்வித் தேவைக்காக அனுமதிக்கும் இக்கால அறிஞர்களும் உண்டு.

ஃபத்வா கொடுக்கும் தகுதி நமக்கில்லை. மூத்த ஆலிம்கள் இருவரிடம் கலந்து பேசி, நமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டோம். சிறுவனுடைய நோட்டு அவனிடமே இருக்கட்டும். பிள்ளைகள் விஷயத்தில் மார்க்கம் காட்டிய மென்மையை நாமும் காட்டுவோம். நாமோ, நம் கடற்கரை ஊர் பின்பற்றும் மத்ஹபின் பேணுதலை விடாமல், காகத்தை உறுப்பு உறுப்பாக மட்டுமே வரைவோம். ஒரு பக்கத்தில் அலகு, ஒரு பக்கத்தில் இறக்கை, ஒரு பக்கத்தில் கால். தலையோடு கூடிய முழு உருவம் நம் தாளில் வராது. வரைந்தது எதுவும் சுவரில் மாட்டப்படாது. அப்பெரியவருக்கு இதில் முழு உடன்பாடு ஏற்பட்டுவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால், கிழிக்க வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்றார். அதற்கே அல்ஹம்துலில்லாஹ்.

பென்சில் பிடித்த நாட்கள்

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; பிற சமயச் சகோதரர். வெள்ளிக்கிழமை தவிர்த்த நாட்களில், அஸருக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் சிறுவனும் நாமும் அமர்ந்தோம். முதல் நாள் நாம் வரைந்த அலகைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"ஹஸ்ரத், நீங்க மனசுல இருக்கிற காக்காவை வரையறீங்க. அதோ, ஓட்டு மேல உக்காந்திருக்கே, அதைப் பாருங்க."

வரையப் பழகுவோர் அனைவருக்கும் இதுவே முதல் பாடம். கண் காண்பதைக் கை வரைவதில்லை. காகம் இப்படித்தான் இருக்கும் என்று உள்ளம் எண்ணியிருப்பதையே வரைகிறது. பார்த்து வரையும் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையச் சொன்னார். அப்போது அது காகம் என்பதை மனம் மறந்து, கோடுகளை மட்டும் பார்க்கிறது. சந்தேகத்தையும் ஊகத்தையும் தவிர்க்குமாறு பிறர் விஷயத்தில் மார்க்கம் நமக்குச் சொல்கிறதே, அதன் பொருள் அந்தத் திண்ணையில் இன்னொரு விதமாக விளங்கியது.

நம் ஊரில் இரு வகைக் காகங்கள் உள்ளன. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். உடல் முழுதும் கறுத்து, தடித்து வளைந்த அலகும் செங்குத்தாக எழும் நெற்றியும் கொண்டது அண்டங்காக்கை. அரபு நாட்டுப் பாலைவனங்களில் வாழ்வது இவற்றினும் பெரிய, பழுப்புக் கழுத்துடைய இனம். அரபியில் 'குராப்' என்னும் ஒரே சொல் இவை அனைத்தையும் குறிக்கும். சிறுவன் தேர்ந்தெடுத்தது அண்டங்காக்கையை.

உடலுக்குச் சற்றே சாய்ந்த முட்டை வடிவம் ஒன்று. அதிலிருந்து வால் நோக்கி நேராக ஓடும் ஒரு கோடு. இவற்றை எச்பி பென்சிலால் அழுத்தாமல் இடவேண்டும். பின்னர் அளவு பார்க்க வேண்டும். அலகின் நீளத்தைப் பென்சிலால் அளந்து, உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என்று எண்ணவேண்டும். இது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அரபு எழுத்துக் கலையிலும் இதுதானே முறை! பேனா முனை இடும் புள்ளியைக் கொண்டு அலிஃபின் உயரத்தையும், அலிஃபைக் கொண்டு மற்ற எழுத்துகளையும் அளப்பார்கள். பக்தாதில் வாழ்ந்து 940ஆம் ஆண்டு மறைந்த இப்னு முக்லா என்னும் அமைச்சர் ஒழுங்குபடுத்திய முறை அது. அலிஃப் எழுதத் தெரிந்த கைக்கு அலகின் வளைவு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

சிறுவனுக்கு வராத கால் நமக்கும் வரவில்லை. காரணத்தை ஓவிய ஆசிரியர் விளக்கினார். பறவையின் காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. முன்னே மூன்று விரல்கள், பின்னே ஒன்று. இதை அறிந்தபின் வரைந்த கால் நிலத்தில் ஊன்றி நின்றது. அன்று அச்சிறுவன் சிரித்ததை நாம் முதன்முறையாகப் பார்த்தோம்.

நிறம் வேறொரு பாடம். கறுப்பு என்று கருதி 6பி பென்சிலால் அழுத்தித் தீட்டினால் தாளில் மிஞ்சுவது கரிக்கட்டை. மாலை வெயிலில் அண்டங்காக்கையின் முதுகைப் பாருங்கள்: நீலமும் ஊதாவும் மின்னும். அந்த ஒளி விழும் இடங்களைத் தீட்டாமல் விட்டுவிட வேண்டும். தாளின் வெண்மையே பளபளப்பாக மாறுகிறது. அலகின் அடிப்பகுதியில் நாசித்துளைகளை மூடிநிற்கும் முடி போன்ற மெல்லிய இறகுகளையும் அப்போதுதான் கண்டோம். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் கண்ணில் படும் பறவை அது!

கெட்ட சகுனமா, பாடமா?

அறியாமைக் கால அரபியர் காகத்தைப் பிரிவின் அடையாளமாகக் கருதினர். நம் ஊர்களிலும் காகம் கரைந்தால் விருந்தாளி, தலையில் தட்டினால் கேடு என்னும் பேச்சு வீடுகளில் இன்னும் உலவுகிறது. பறவைகளில் சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளவை. ஓட்டின்மேல் அமரும் பறவையின் கையில் இல்லை. ஒரு பறவையை அஞ்சாமல் உற்றுப் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

திண்ணையில் அமர்ந்திருந்த நாட்களில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டோம். கிடைத்த வடைத்துண்டை அண்டங்காக்கை உடனே தின்பதில்லை. மண்ணை அலகால் கிளறி, துண்டை உள்ளே வைத்து, மேலே சருகை இழுத்து மூடுகிறது. பிறகு சற்று விலகி நின்று பார்க்கிறது. பசித்தபோது உண்பதற்கான சேமிப்பு அது; காக்கை இனத்துக்கு அல்லாஹ் அளித்த இயல்பு. குர்ஆன் கூறும் காகம் இறந்த மற்றொரு காகத்தைப் புதைத்ததாகச் சில விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். வசனம் கூறுவதோ நிலத்தைக் கிளறியதை மட்டுமே. அந்தக் கிளறலை நேரில் கண்டபோது, வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் கண்முன் நடப்பதுபோல் இருந்தது.

சிறுவன் தன் படத்தை முடித்தான். மண்ணில் ஊன்றிய கால்கள், தாழ்ந்த அலகு, அருகே சிறு மண்மேடு. முடித்த மறுநாள், வாப்பாவின் கப்ருக்குப் போகவேண்டும் என்று அவனே கேட்டான். அவனுடைய மாமாவும் நாமும் ஃபஜ்ருக்குப் பின் மையவாடிக்கு அழைத்துச் சென்றோம். ஸலாம் கூறினான், துஆ செய்தான். மழையில் கரைந்திருந்த கப்ரின் ஓரத்தில், மாமா காட்டியபடி, இரு கைகளாலும் மண் அள்ளி மும்முறை இட்டான். திரும்பும் வழியில், தன் வாப்பா தனக்கு மிதிவண்டி பழக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

வீட்டில் மவுத் நிகழும்போது பிள்ளைகளை ஒதுக்கி வைப்பது அன்பினால்தான். ஆயினும், விவரம் தெரிந்த பிள்ளைக்கு ஜனாஸா என்றால் என்ன, கப்ர் என்றால் என்ன என்பதை மென்மையாகச் சொல்லுங்கள். உடன் வர விரும்பினால் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அழுதால் அழவிடுங்கள். தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் கண்ணீர் வடித்தன.

பிள்ளையின் நோட்டில் ஏதேனும் கிறுக்கல் தென்பட்டால், அது கூடுமா கூடாதா என்ற கேள்வியோடு, இது ஏன் இவன் உள்ளத்தில் இருக்கிறது என்ற கேள்வியையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆலிம்களிடம் விடை உண்டு. இரண்டாவதற்குப் பிள்ளையின் அருகில் அமர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

வயது கடந்துவிட்டது என்று எதையும் கற்காமல் விடாதீர்கள். மனிதனுக்கு ஒரு பறவையையே ஆசிரியராக்கியவன் அல்லாஹ். பக்கத்துத் தெருப் பெரியவரிடமும், வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளையிடமும் கற்பதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

தந்தையை இழந்த பிள்ளைகளின் உள்ளங்களை அல்லாஹ் தன் கருணையால் நிரப்புவானாக. நம் மரித்தோரின் கப்ருகளை விசாலமாக்குவானாக. அவனுடைய படைப்புகளை உற்றுநோக்கிப் பாடம் பெறும் கண்களை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.